ஒரே சுவரில் எத்தனை சுந்தரர்!

"மாமா, இந்த ஆளு எத்தனை தடவை வர்றாரு?"

கேட்டவன் என் அக்கா மகன். ஆறாம் வகுப்பு. தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் தொல்லியல் துறை வைத்திருக்கும் விளக்க மையத்தில், சோழர் கால ஓவியம் ஒன்றின் பெரிய ஒளிப்படத்தின் முன்னால் நின்றிருந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் "அழகா இருக்குல்ல" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து போனார்கள். அவன் நகரவில்லை. விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான். கீழே கல்யாண வீட்டில் ஒருவர். பக்கத்தில் வழக்கு நடக்கிற சபையில் ஒருவர். நடுவில் வெள்ளை யானை மேல் ஒருவர். உச்சியில், சிவனுக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்தபடி இன்னொருவர்.

"எல்லாம் ஒரே ஆளுதான்டா. சுந்தரர்."

"அப்ப இது காமிக்ஸ் மாமா. கீழேர்ந்து மேல படிக்கணும்."

எத்தனையோ முறை இந்தக் கோயிலுக்கு வந்திருக்கிறேன். கோடு, வண்ணம், பெண்களின் கொண்டை, கண்ணின் வளைவு என்று பலரும் பலதைக் காட்டித் தந்திருக்கிறார்கள். இதைப் படிக்க வேண்டும், படிப்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று சொல்லித்தந்தவன் இவன்தான். அன்றிலிருந்து தஞ்சை, தாராசுரம், திருவாரூர் என்று காவிரி டெல்டாவின் சுவர்களையும் கூரைகளையும் ஒரு படக்கதை வாசகனாகவே பார்க்கத் தொடங்கினேன்.

பெரிய கோயில் விமானத்தின் கருவறையைச் சுற்றி இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவிலுள்ள இருண்ட நடையில்தான் அசல் ஓவியம் இருக்கிறது. அங்கே பொதுமக்களை விடுவதில்லை. விடாததுதான் சரி, மூச்சுக்காற்றின் ஈரம் பழைய சுதைக்கு ஆகாது. முதலாம் இராசராசன் 1010-இல் எழுப்பி முடித்த கோயில் இது. அந்தக் காலத்து ஓவியங்களின் மேலேயே நாயக்கர் காலத்தில் புதுச் சுதை பூசி வேறு படம் எழுதிவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே.கோவிந்தசாமி அந்த நடைக்குள் போனபோது, மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்து சோழர் கோடு எட்டிப்பார்த்தது. பிற்பாடு தொல்லியல் துறை வேதியியலாளர்கள் நாயக்கர் படலத்தைப் பக்குவமாக உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகையில் ஏற்றினார்கள். அதனால் இரண்டு காலத்து ஓவியமும் பிழைத்தன.

இனி அவன் சொன்னபடி கீழிருந்து படிப்போம். புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். சமையல் நடக்கிறது, பெண்கள் பரபரப்பாக இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு கிழவர் வந்து நிற்கிறார். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஓலை. 'உன் பாட்டன் எனக்கு எழுதிக்கொடுத்த அடிமை ஓலை இது, நீ என் ஆள்' என்கிறார். கல்யாணம் நின்றது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிட்டார். ஆனால் கிழவரிடம் மூல ஓலை பத்திரமாக இருக்கிறது. சபை கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்துக் கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. 'உன் வீடு எங்கே, காட்டு' என்று கேட்டதும் கிழவர் நேரே ஊர்க் கோயிலுக்குள் நடந்து மறைந்துபோகிறார். வாசலில் நிற்பவர்கள் முகத்தில் திகைப்பு. அதற்கு மேலே கதையின் கடைசிப் பகுதி. சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போகிறார், நண்பர் சேரமான் பெருமாள் குதிரையில் பறக்கிறார், வானவர்கள் பூச்சொரிகிறார்கள். உச்சியில் கயிலாயம். புலித்தோல் மேல் சிவன். ஆட்டம் நடக்கிறது. நண்பர்கள் இருவரும் அங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

ஒரு வாழ்க்கையின் தொடக்கமும் முடிவும் ஒரே சுவரில் இருக்கின்றன. இடையில் நடந்த அத்தனையையும் விட்டுவிட்டார் ஓவியர். கல்யாண வீட்டிலிருந்து யானைக்கு ஒரே தாவல். அந்த இடைவெளியைப் பார்ப்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அமெரிக்கப் படக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்கிளவுட், படக்கதைகளைப் பற்றிப் படக்கதையாகவே 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடத்தில்தான் வாசகனின் மனம் வேலை செய்கிறது என்பது அதில் அவர் விரித்துச் சொல்லும் விஷயம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. வயலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பு இருக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக அடுத்த வயலுக்குப் போகிறது. படக்கதையும் அப்படித்தான் பாய்கிறது.

சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12-ஆம் நூற்றாண்டில். இந்த ஓவியம் அதற்கு நூறாண்டுக்கு மேல் மூத்தது. சுந்தரர் கதை அதற்கு முன்பே பதிகங்களிலும் அந்தாதியிலும் இருந்தது உண்மை. ஆனால் விருந்து, சபை, மறையும் கிழவர், பறக்கும் யானை என்று காட்சி காட்சியாக அடுக்கி விரிவாகச் சொன்ன வேலை, இன்று நம் கையில் இருக்கும் சான்றுகளின்படி, முதலில் தூரிகையில் நடந்தது. காவியம் பிறகு வந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒரே ஆளை ஒரே படத்தில் பல முறை வரைவது உலகெங்கும் இருந்த உத்திதான். பிளாரன்ஸ் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் மசாச்சியோ 1420களில் தீட்டிய சுவரோவியத்தில் புனித பேதுரு மூன்று முறை வருகிறார்: நடுவில் இயேசுவிடம் பேசுகிறார், இடது ஓரத்தில் மீனின் வாயிலிருந்து காசை எடுக்கிறார், வலது ஓரத்தில் வரி வாங்குபவன் கையில் அதைக் கொடுக்கிறார். மறுமலர்ச்சிக் கலையின் வாசல் என்று உலகம் கொண்டாடும் அந்தப் படத்துக்கு நானூறு ஆண்டுகள் முந்தியது நம் சுவர்.

கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எஸ்.பரமசிவன் 1930களில் இந்த ஓவியங்களை வேதியியல் முறைப்படி ஆராய்ந்து, இது ஈரச் சுதையில் எழுதியது என்று காட்டினார். சுண்ணாம்புச் சுதை காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் திருத்த முடியாது. அந்த அவசரத்தில் இழுத்த கோடு நடுங்காமல், தடுமாறாமல் போகிறது. படக்கதைத் தொழிலில் பென்சில் கோட்டின் மேல் மை போடுகிறவருக்குத் தனி மரியாதை உண்டு. ஒரே இழுப்பில் கன்னமும் தாடையும் வந்தாக வேண்டும். திரிபுராந்தகர் ஓவியத்தைப் பார்த்தால் இது விளங்கும். பிரமன் தேரோட்ட, எட்டுக் கைகளோடு வில் வளைத்து நிற்கிறார் சிவன். எதிரே அசுரர் கூட்டம், அவர்களைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளும் பெண்கள். சிவன் கண்ணில் கோபம், உதட்டில் சிரிப்பு. படக்கதையில் கதை உச்சத்துக்கு வரும்போது கட்டங்களையெல்லாம் உடைத்து இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம் போடுவார்களே, அந்த இடம் இது.

இதே விமானத்தின் மேல் தளத்தில் பரதத்தின் 108 கரணங்களை வரிசையாகச் செதுக்கத் தொடங்கினார்கள். 81 முடிந்தது. மீதி 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. ஒவ்வொரு கல்லிலும் சிவனே ஆடுகிறார். கால் மாறுகிறது, கை மாறுகிறது, இடுப்பு திரும்புகிறது. ஓடும் குதிரையை அடுத்தடுத்த படங்களாக எட்வர்ட் மைபிரிட்ஜ் கேமராவில் பிடித்தது 1878-இல். உடலின் அசைவைத் துண்டு துண்டாக நிறுத்தி அடுக்கும் எண்ணம் அதற்கு 850 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உளிக்குக் கிடைத்திருக்கிறது.

கல்லில் எழுதிய வசனம்

படக்கதை என்றால் படத்தோடு எழுத்தும் வேண்டுமே என்று கேட்பவர்களைத் தாராசுரத்துக்கு அழைத்துப்போக வேண்டும். கும்பகோணத்தை அடுத்த ஐராவதேசுவரர் கோயில், இரண்டாம் இராசராசன் காலத்தது, 12-ஆம் நூற்றாண்டு. எல்லோரும் கல் தேரின் சக்கரத்தையும், யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாக வடித்த சிற்பத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கருவறையின் அடித்தளத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தால் கைக்கடக்கமான சிற்பங்கள் வரிசையாக ஓடுவது தெரியும். நாயன்மார் கதைகள். கண்ணப்பர், சண்டேசர் என்று ஒவ்வொருவர் கதையிலிருந்தும் உயிரான ஒரு கணம். அந்தக் கணத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் சிற்பியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சுந்தரர் கதைக்கு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வரும் இடம்.

சிற்பங்களின் மேல் தமிழில் சிறு கல்வெட்டு வாசகங்கள் இருக்கின்றன. இவர் யார், இங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும் குறிப்புகள். கட்டம், கட்டத்துக்குள் காட்சி, காட்சிக்கு மேல் எழுத்து. சிவகாசியில் அச்சாகிற எந்தப் படக்கதைப் புத்தகத்திலும் இதைத்தான் பார்க்கிறோம். பிரான்சிலுள்ள பேயோ துணிச்சித்திரத்தை, 11-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 70 மீட்டர் நீளத்துக்குத் தைத்துப் படங்களுக்கு லத்தீனில் குறிப்பும் எழுதிய அந்த அதிசயத்தை, படக்கதையின் மூதாதை என்று மேலை நாட்டுப் புத்தகங்கள் தவறாமல் சொல்கின்றன. அந்தப் பட்டியலில் தாராசுரத்தை நான் பார்த்ததில்லை. இது எனக்கு உண்மையாகவே மனக்குறை.

சிங்காதனம் என்கிற ஓவியர்

டெல்டாவின் முழுமையான படக்கதை எது என்று கேட்டால், நான் திருவாரூரைக் காட்டுவேன். தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபம். சுந்தரர் திருத்தொண்டத்தொகை பாடிய இடமாகச் சைவர்கள் போற்றும் மண்டபம் அது. அதன் கூரையில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியவை என்று கருதப்படும் ஓவியங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் எழுத்து. செய்யுள் நடை கிடையாது; பேச்சு வாடை வீசும் எளிய தமிழ். அண்ணாந்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே நடக்கலாம். ஒரு பட்டை முடிந்தால் அடுத்த பட்டைக்குத் திரும்ப வேண்டும். பக்கம் புரட்டும் வேலையைக் கையிடமிருந்து கால் வாங்கிக்கொள்கிறது.

கதையும் படக்கதைக்கென்றே பிறந்த கதை. வில்வ மரத்தில் இருந்த குரங்கு, தான் அறியாமல் கீழே இருந்த சிவன் மேலும் உமை மேலும் இரவெல்லாம் இலை பறித்துப் போட்டது. அந்தப் புண்ணியத்தால் அடுத்த பிறவியில் சோழ அரசன். 'குரங்கு முகம் மட்டும் அப்படியே இருக்கட்டும்' என்று அவனே கேட்டுக்கொண்டான். இந்திரனுக்குப் போரில் உதவிசெய்து, பதிலுக்கு அவன் பூசித்த தியாகராசரைக் கேட்டான். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதே போல இன்னும் ஆறு செய்து ஏழாக வைத்து, 'இதில் உன்னுடையதைக் கண்டுபிடி' என்றான். முசுகுந்தன் சரியாகக் கண்டுபிடித்தான். ஏழும் பூமிக்கு வந்து திருவாரூர், திருநள்ளாறு, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஏழு விடங்கத் தலங்களாயின.

ஓவியர் பக்கமிருந்து யோசித்துப் பாருங்கள். மனித உடலில் குரங்கு முகம் வைத்த நாயகன், எத்தனை நூறு உருவங்கள் நெருக்கி நின்றாலும் கண்ணுக்குத் தப்ப மாட்டான். முகமூடி போட்ட வீரன் ஒவ்வொரு கட்டத்திலும் சட்டென்று அடையாளம் தெரிவதுபோல. ஊர்வலக் காட்சிகளில் வாத்தியக்காரர்கள், குடை, கொடி, வாணவேடிக்கை எல்லாம் வருகின்றன. வானத்தில் சீறும் வாணங்களைப் பார்க்கும்போது, அந்த ஓவியர் திருவாரூர்த் தேரோட்டத்தைக் கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்தவர் என்பது தெரிகிறது. தேவலோகத்துக் கதைக்குள் தன் ஊர்த் திருவிழாவைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

அவர் பெயர் நமக்குத் தெரியும். சிங்காதனம். அவரே எழுதிவைத்திருக்கிறார். பெரிய கோயிலில் ஆடல் பணி செய்த நானூறு தளிச்சேரிப் பெண்களைப் பெயர் பெயராகக் கல்லில் வெட்டினார்கள். சுந்தரரை வரைந்த கைக்கு உரிய பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை. அதனால் திருவாரூர்க் கூரையில் அந்தப் பெயரைப் படிக்கும்போது ஒரு நிறைவு வருகிறது.

நீர்க்கசிவிலும் கவனிப்பில்லாமலும் இந்தக் கூரை பட்ட பாடு கொஞ்சமல்ல. சில காட்சிகள் போயே போய்விட்டன. சீரழிவு முற்றுமுன் ஒளிப்படக் கலைஞர் வி.கே.ராஜாமணி அவற்றைப் படமெடுத்து வைத்தார். பிறகு பிரக்ருதி அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து மண்டபத்து ஓவியங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றின. ராஜாமணியும் அறிஞர் டேவிட் ஷுல்மனும் சேர்ந்து உருவாக்கிய புத்தகம் 2011-இல் வந்தது. அது பெரிய புத்தகம், ஆங்கிலப் புத்தகம். கூரையில் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சாமானியருக்காக எழுதப்பட்ட அந்தக் கதை, நாற்பது பக்கத்தில், பள்ளிப் பிள்ளை வாங்குகிற விலையில், தமிழில் ஒரு படக்கதைப் புத்தகமாக வர வேண்டும். புதிதாக வரையத் தேவையே இல்லை. சிங்காதனம் வரைந்து வைத்திருக்கிறார்.

சுவரைத் தாண்டித் துணியிலும் இந்த மரபு நடந்தது. சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோடாலிக்கருப்பூரிலும் கலம்காரிக்காரர்கள் கோயில்களுக்கு எழுதித் தந்த திரைகளில் கதை கட்டம் கட்டமாகவே போகிறது.

முகங்களின் நூலகம்

தஞ்சை சரசுவதி மகால் அருங்காட்சியகத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்த படங்கள். ஆந்தை போன்ற மனிதன், ஒட்டகம் போன்ற மனிதன். பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் அவை ஓவியர் சார்ல் லெ பிரன் செய்தவை. இரண்டாம் சரபோஜி மேலை நாட்டு நூல்களையும் படங்களையும் ஆசையோடு சேர்த்த தஞ்சை மன்னர். 1798-இல் பட்டத்துக்கு வந்தவர். அதற்கு அடுத்த ஆண்டு ஜெனிவாவில் பிறந்தவர் ரொடால்ஃப் டோஃபர். கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கீழே கதை எழுதி, நவீனப் படக்கதையின் தந்தை என்று பெயர் வாங்கியவர். 1845-இல் அவர் முகங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூக்கின் கோட்டையும் தாடையின் கோட்டையும் சற்று மாற்றினால் ஆளின் குணமே மாறிவிடுகிறது, கதை சொல்ல அதுவே போதும் என்பது அவர் வாதம். முகத்தில் குணத்தைத் தேடிய அந்தத் தேடலின் பழைய ஏடுகள் தஞ்சை அரண்மனைக்குள் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன.

1924-இல் அதே தஞ்சையில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர் கோபுலு. ஆனந்த விகடனில் வசனமே இல்லாமல் அவர் வரைந்த நகைச்சுவைத் தொடர்களில் புருவமும் வயிறும் துண்டும் பேசும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' கதைக்கு அவர் போட்ட படங்களில் நாதஸ்வரக்காரரும் மிராசுதாரும் காவிரிக்கரை மனிதர்களாகவே நடமாடினார்கள். பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலது கை செயலற்றபோது இடது கையால் வரையப் பழகினார். அதே விகடனில் ஓவியர் சில்பி 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாக உட்கார்ந்து சிற்பங்களைக் கோட்டில் இறக்கினார். 1950-இல் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் வரைந்த வந்தியத்தேவனும் குந்தவையும்தான் இன்றுவரை தமிழ் வாசகர் மனத்தில் சோழர்களின் முகம். கோயில் சுவரிலிருந்து வாரப் பத்திரிகையின் தாளுக்குக் கோடு இறங்கியது இப்படித்தான்.

சிவகாசியின் கதை வேறு. முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தது. அது பிரிட்டனில் வெளியான கதை; வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மாயாவிக்கும் சோழ ஓவியருக்கும் நேரடி உறவு கிடையாது, அப்படிச் சொல்வது பொய். ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படக்கதை இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் இல்லை. எங்கள் வீட்டுப் பத்தாயத்துக்குப் பின்னால் ஒளிந்து, கோடை விடுமுறை முழுக்க அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைத் தின்ற நான், பிளாஸ்கோ என்ற பெயரைத் தெரிந்துகொள்ள முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. பெரிய கோயில் ஓவியரோடு அவருக்கு இருக்கும் உறவு அந்தப் பெயரின்மைதான்.

பள்ளியில் ஆசிரியர் ஒருவர் என் மாயாவி புத்தகத்தை வாங்கி, வகுப்பு பார்க்க இரண்டாகக் கிழித்தார். படம் பார்க்கிற பையன் படிக்க மாட்டான் என்றார். அது நடந்த வெகுகாலத்துக்குப் பிறகு தாராசுரத்துக்குப் போனேன், அக்கா மகனோடு. வெயில் தாழ்ந்த நேரம். மற்றவர்கள் தேர்ச் சக்கரத்தருகே படமெடுத்துக்கொண்டிருக்க, இவன் அடித்தளத்தின் ஓரம் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். முதலில் சிற்பத்தைப் பார்த்தான். பிறகு, படக்கதை படித்த பழக்கத்தில், கண் தானாக மேலே போனது.

"மாமா, மேல எழுத்து இருக்கு."

"படி பார்ப்போம்."

கல்லில் மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போனான். எண்ணூற்றைம்பது ஆண்டு பழைய எழுத்து; பாதி தேய்ந்திருந்தது. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இது 'ப' மாமா. நம்ம 'ப'தான்."

"அப்புறம்?"

"இருங்க, இருங்க," என்றான் திரும்பிப் பார்க்காமல். விரல் அடுத்த எழுத்துக்குப் போயிருந்தது.